கீழ்பென்னாத்தூரில் மூன்று சொம்புத் தண்ணீர்

தை மாதக் கடைசிச் சனிக்கிழமை, மதியம் ஒன்றே முக்கால் மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் நூற்று அறுபது ரூபாய். மடியில் ஒரு நீல நிற ஐஸ் பெட்டி, காலி. திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது விபூதியும் மன நிம்மதியும் கொண்டுவருவார்கள். நான் ஒரு கிலோ ஆட்டுக்கறி கொண்டுவரப் போனேன். அதுவும், அந்த ஆடு சாவதைக் கண்ணை மூடாமல் பார்த்த பிறகு.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்தான். என் மகள் நித்யா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எங்கள் தெருமுனைக்குக் கோழி ஏற்றி வந்த வண்டியை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தவள், அன்றோடு கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். உபதேசம் செய்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டாள்.

"அப்பா, இது எப்படி வளர்ந்துச்சு, எப்படிச் செத்துச்சுன்னு ஒரு தடவையாவது நின்னு பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தா போச்சு. எனக்கென்ன பயமா?" என்றேன். வாயில் எலும்பு இருந்ததால் வீரம் கொஞ்சம் ஜாஸ்தியாக வந்துவிட்டது.

"சரி. நல்லா வளர்த்து, நல்லபடியா வெட்டுற இடமா பார்த்துப் போங்க. கண்ணை மூடாம கடைசிவரைக்கும் பார்த்தீங்கன்னா ஆயுசுக்கும் சாப்பிடுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மூடிட்டீங்கன்னா விட்டுடணும். வீடியோவெல்லாம் வேணாம். நீங்க சொன்னா நம்புறேன்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நர்ஸின் முழங்கையைப் பிடித்துக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவன், அலுவலக நண்பர் ஒருவர் சொன்ன ஒரு வரியை நம்பிக் கிளம்பியிருந்தேன். "கீழ்பென்னாத்தூர் பக்கத்துல ஒரு அம்மா ஆடு வளர்க்குறாங்க. அவங்க கொல்லையில ஆட்டைக் கேட்டுத்தான் வெட்டுவாங்க."

பேருந்து செஞ்சியைத் தாண்டிக் கீழ்பென்னாத்தூரில் நின்றது. நான் போக வேண்டிய ஊரே அதுதான். அங்கே தங்க விடுதி கிடையாது என்பதால் இறங்காமல், இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் போய்த் திருவண்ணாமலையில் இறங்கினேன். மாலை ஆறு மணி. செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விடுதியில் அறை, தொள்ளாயிரம் ரூபாய். வரவேற்பு மேசைக்கு மேலே 'அசைவம், மது அனுமதி இல்லை' என்ற பலகை. மேலாளர் பெட்டியைப் பார்த்தார்.

"உள்ள இன்னா சார்?"

"ஒண்ணும் இல்லைங்க. காலி."

"காலிப் பெட்டி எதுக்கு சார்?"

மூடியைத் திறந்து காட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தியானத்துக்கு வர்றவங்க விதவிதமா எடுத்துட்டு வராங்க சார்" என்று சாவியைக் கொடுத்தார். வெறும் பெட்டிக்கே கடத்தல்காரனைப் போல வேர்க்கிறதே, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலையில் எதிர்க் கடையில் இரண்டு இட்லி வாங்கி, ஒன்றை வைத்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிறு, காலை ஐந்தேகால். அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் வந்தேன். அங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூறு ரூபாய். இருபுறமும் பனி இறங்கிய நெல் வயல், நடுநடுவே கடலைக் கொல்லை.

"கெடா வெட்டா சார்? எந்த கோயிலு?" என்றார் ஓட்டுநர்.

"கோயிலுக்கு இல்லைங்க. வீட்டுக்கு. ஒரு கிலோ."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஒரு கிலோ கறிக்கா மெட்ராஸ்லருந்து வந்தீங்க?"

ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று ஆடு வளர்க்கும் சரோஜாம்மா சொல்லிவிட்டார்; கூட்டம் வந்துவிடுமாம். அவருக்கு என் வயது இருக்கும். நான் போனபோது பட்டியைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். இருபதுக்கு மேல் வெள்ளாடுகள். பகலெல்லாம் வரப்பிலும் ஏரிக்கரையிலும் மேய்பவை. சாயங்காலம் கடலைக்கொடி. எதற்கும் கழுத்துக்கயிறோ கால்கட்டோ இல்லை. ஒன்று வந்து என் சட்டை நுனியை மென்று பார்த்து, பிடிக்காமல் விட்டுவிட்டது.

"லாரில ஏத்த மாட்டேன் சார்," என்றார். "சந்தைக்கும் ஓட்ட மாட்டேன். ஏத்துனா பாதி உசிரு வழியிலயே போயிடும். வேணும்ன்றவங்க இங்க வரணும். பாய் வாராவாரம் வருவாரு."

பாய் என்றது கீழ்பென்னாத்தூரில் கறிக்கடை வைத்திருக்கும் பாஷா பாயை. கொஞ்ச நேரத்தில் டிவிஎஸ் வண்டியில் வந்தார். கத்தியை வீட்டிலேயே தீட்டித் துணியில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைத்திருந்தார். ஆட்டின் காதில் விழும்படி தீட்டக் கூடாது, கண்ணில் காட்டக் கூடாது என்பது அவர் வழக்கம். ஒரு ஆடு பார்க்க இன்னொரு ஆட்டை வெட்டுவதும் கிடையாது. ஆகவே கொட்டகைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில்தான் வேலை. ஒரு கிடாவை மட்டும் கழுத்தில் கயிறு கட்டித் தனியாகக் கூட்டிவந்தார்கள். காதோரம் வெள்ளை, மற்றபடி கறுப்பு. சரோஜாம்மா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"எங்க முறைல வெட்டுறதுக்கு முன்ன ஆட்டுக்கு தண்ணி குடிக்கக் குடுக்கணும்," என்றார் பாஷா பாய். "அக்கா முறைல தண்ணி ஊத்திக் கேக்கணும். ரெண்டுக்கும் ஒரே சொம்புதான் சார்."

விதி இதுதான். கிடா வேண்டிய மட்டும் குடித்ததும் அதன் தலையிலிருந்து முதுகுவரை தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் சம்மதம். உதறாவிட்டால் மறுபடி ஊற்றுவார்கள். மூன்று சொம்பு. மூன்றுக்கும் உதறாவிட்டால் பட்டிக்குத் திரும்பிவிடும். அதுவரை யாரும் ஆட்டின் மேல் கை வைக்கக் கூடாது.

"ஏங்க, தண்ணியை ஊத்தினா குளிர்ல யாரா இருந்தாலும் உதறத்தானே செய்வாங்க?" என்றேன். என் கல்யாணத்தில் மாலையின் கனம் தாங்காமல் நான் தலையை ஆட்டியதைக்கூடச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

சரோஜாம்மா சிரிக்கவில்லை. "குளுருல ஒதறுதோ என்னமோ சார், அது நமக்கு இன்னா தெரியும்? ஆனா ஒதறலன்னா விட்டுடறோம். அது தெரியுதுல்ல?"

கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். வாங்க வந்தவர்தான் பிடிக்க வேண்டுமாம். இதை நண்பர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விபூதியோடு திரும்பியிருப்பேன்.

முதல் சொம்பு. தண்ணீர் முதுகில் வழிந்து வயிற்றிலிருந்து சொட்டியது. கிடா என்னைப் பார்த்தது. உதறவில்லை. சொட்டு நிற்கும்வரை மூவரும் அசையாமல் நின்றோம்.

இரண்டாவது சொம்பு. உதறவில்லை. பாஷா பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறரை. ஏழு மணிக்கு அவர் கடையில் ஆட்கள் வந்து நிற்பார்கள். 'உதறாதே, உதறாதே' என்று எனக்குள் ஒருவன் ஜபித்துக்கொண்டிருந்தான். 'உதறித் தொலை, இந்தக் காத்திருப்பு தாங்கவில்லை' என்று இன்னொருவன். சத்தியமாக, இருவரும் நான்தான்.

மூன்றாவது சொம்பை ஊற்றிவிட்டு, அதைக் கீழே வைக்கச் சரோஜாம்மா திரும்பினார். பாஷா பாய் வண்டிப் பக்கம் பார்த்தார். கிடாவின் காதிலிருந்து தண்ணீர் அதன் கண்ணுக்குள் வழிந்தது. குளித்துவிட்டு வந்த நித்யாவுக்குச் சின்ன வயதில் துடைத்துவிட்ட கை இது. என்னைக் கேட்காமலே நீண்டு அந்தக் காதைத் துடைத்துவிட்டது.

கிடா தலை முதல் வால்வரை சிலிர்த்து உதறியது.

"ஒதறிடுச்சு!" என்றார் சரோஜாம்மா. பாஷா பாய் "அல்லாவே" என்று பெருமூச்சு விட்டுத் துணிப்பொட்டலத்தை எடுக்கப் போனார்.

இருவருமே என் கையைப் பார்க்கவில்லை. நான் சும்மா நின்றிருந்தால் போதும். பார்த்துவிட்டு, பந்தயத்தில் ஜெயித்து, நல்லி எலும்போடு ஊர் போய்ச் சேரலாம். அவர் வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே பத்தடி தூரம். அதில் ஏழடி நடந்து வந்துவிட்டார்.

"இருங்க," என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது. "நான் காதைத் தொட்டுட்டேன். அதான் உதறுச்சு."

பாஷா பாய் கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "இன்னா சார் நீங்க! சும்மா நிக்க மாட்டீங்களா?"

"கை பட்டா செல்லாது பாய்," என்றார் சரோஜாம்மா. "அவுத்து வுடு."

"யக்கா, கடையில ஆளு வந்து நிப்பாங்க. அதுவேகூட ஒதறி இருக்கலாம்ல?"

"இருக்கலாம். நமக்குத் தெரியாதுல்ல? அவுத்து வுடு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைக்குக் கறி இல்லாத நிலையில், ஒருவர் ஒரு ஆட்டைப் பட்டிக்குத் திருப்பி அனுப்பியதை அன்று கண்ணால் பார்த்தேன். நான் வாயைத் திறந்தது நேர்மையாலா, அந்தக் காட்சியைத் தள்ளிப்போடும் பயத்தாலா என்று கேட்டால், எனக்கு இன்றுவரை தெரியாது.

"இன்னொன்னைக் கேப்போம். அதுவும் ஒதறலன்னா இன்னிக்கு கடை லீவு," என்றார் பாஷா பாய். "சார், நீங்க தயவு பண்ணி ஒரு கையை பாக்கெட்ல வெச்சுக்குங்க."

செம்மண் நிறக் கிடா வந்தது. நன்றாகக் குடித்தது. முதல் சொம்பு பாதி ஊற்றியதுமே உதறி, எங்கள் மூவரையும் நனைத்தது. என் கை பாக்கெட்டில் இருந்தது. சரோஜாம்மா அதன் நெற்றியைத் தொட்டுவிட்டு, கடலைக் கொல்லைப் பக்கம் நடந்தார்.

"நீங்க இருக்க மாட்டீங்களா?" என்றேன். துணைக்கு ஆள் வேண்டியிருந்தது.

"கேக்கறதோட என் வேலை முடிஞ்சுது சார். என்னால பாக்க முடியாது. நீங்க துன்றவரு. நீங்க பாருங்க."

பாஷா பாய் கிடாவை அதட்டாமல் மெதுவாகச் சாய்த்தார். இடது கையால் அதன் கண்ணைப் பொத்தினார். அந்த மரத்தடியில் கண்ணை மூடும் சலுகை அதற்கு மட்டும்தான். இறைவன் பெயரைச் சொன்னார். ஒரே இழுப்பு. கத்தல் இல்லை. கால்கள் உதைத்தன, பிறகு மெல்ல உதைத்தன, பிறகு நின்றன. அதுவரை அவர் கையை எடுக்கவில்லை. நான் இமைத்தேன், மூடவில்லை. முகம் ஈரமாக இருந்ததற்குக் கிடா உதறிய தண்ணீரே காரணம் என்று எழுதச் சொல்லி என் மானம் கெஞ்சுகிறது.

அப்புறம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "தலை சுத்துனா குனிஞ்சிக்குங்க சார்," என்று பாஷா பாய் அதே சொம்பில் எனக்கும் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, தலையை உதறாமல் ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டேன்.

கறி கிலோ எண்ணூற்றைம்பது. கீழ்பென்னாத்தூரில் முப்பது ரூபாய்க்கு ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டு, எட்டே காலுக்குச் சென்னைப் பேருந்தைப் பிடித்தேன். வீட்டில் நித்யா கதவைத் திறந்தாள். முதல் கிடாவின் காதுவரை எதையும் மறைக்காமல் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நெஜமாவே அதைத் திருப்பி அனுப்பினாங்களா?"

"ஆமா."

"அப்ப சாப்பிடுங்கப்பா," என்றாள். கறி வெந்ததும் அவளே எனக்குப் பரிமாறினாள். அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி கேட்கத் தோன்றவில்லை.

பந்தயத்தில் ஜெயித்தவன் என்ற உரிமையோடு அடுத்த ஞாயிறு தெருமுனைக் கறிக்கடைக்குப் போனேன். இருபது பேர் நின்றார்கள். டோக்கன் பதினேழு. உரித்த ஆடுகள் வரிசையாகத் தொங்கின. என் முறை வந்தபோது கடைக்காரரிடம் கேட்டேன். "இதெல்லாம் எங்கேருந்துப்பா வருது? எப்படிக் கொண்டுவர்றாங்க?"

அவர் கத்தியை நிறுத்தினார். பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏன் சார், போன தடவை கறி சரியில்லியா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு சார் இதெல்லாம் கேக்குறீங்க?"

சொல்லத் தொடங்கினேன். சொம்பு, தண்ணீர், உதறுதல். பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். பதினெட்டாம் எண்ணுக்காரர் தன் பையை எனக்கு முன்னால் நீட்டினார். டோக்கனைத் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.