கரையாத மண்கட்டி

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றத் திட்டத்தில் மண் பரிசோதனை உதவியாளனாக இருந்தேன். ஒருநாள் எங்கள் அதிகாரி வெளிநாட்டிலிருந்து வந்த தகரப் பேணி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே வெள்ளைத் தூள். ஏதோ இரசாயனப் பொருளில் செய்தது. அதைத் தண்ணீரில் கரைத்துக் களிமண்ணில் கலந்தால், மண் துணிக்கைகளின் மேல் ஒட்டி, அவற்றைச் சிறு சிறு உருண்டைகளாகப் பிடித்து வைத்திருக்குமாம். மழைக்குச் சேறாகாது, வெயிலுக்கு இறுகாது.

பரிசோதனைக்கு நாங்கள் எடுத்தது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அக்காவின் மேட்டுக்காணி. கணவர் வயலைப் பார்த்துக்கொண்டார், மேட்டுக்காணி அக்காவின் பொறுப்பு. ஊரில் செம்மண்ணில் தோட்டம் செய்த கை. இங்கே களிமண். ஒரு மழை பெய்து வெயில் எறித்தால் நிலத்தின் மேல் ஓடுபோலப் பொருக்குக் கட்டிவிடும். முளை வெளியே வராது.

சித்திரை மழையோடு ஒரு துண்டு நிலத்தில் மட்டும் தூளைக் கலந்து உழுந்து விதைத்தோம். அந்தத் துண்டில் முளைத்த மாதிரி வேறெங்கும் முளைக்கவில்லை. அக்கா இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் சாதாரண மண்கட்டியையும் மற்றதில் தூள் கலந்த கட்டியையும் போட்டார். ஒன்று உடனே கரைந்து கலங்கியது. மற்றது அப்படியே கிடந்தது. பக்கத்துக் காணிக்காரரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"தம்பி, மிச்சக் காணிக்கும் இந்தத் தூள் கிடைக்குமோ?"

"கேட்டுச் சொல்லுறன் அக்கா."

கந்தோருக்குப் போய் அதிகாரியிடம் கேட்டேன். அந்த ஒரு பேணிதான், இனி வராது, போய்ச் சொல்லிவிடு என்றார். சொல்லத்தான் போனேன். அக்கா கதிரையைத் தூசு தட்டிப் போட்டு, தேத்தண்ணி தந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரும் அக்கா. மாரிக்கு முதல் வந்திடும்" என்றேன். அந்த நேரம் ஏன் அப்படி வாயில் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கோடையில் மிச்சக் காணி முழுவதற்கும் பூவரசங்குழை வெட்டி மண்ணுக்குள் தாட்டு, எருப் போட்டு மண்ணை இளக்குவதாக இருந்தார்களாம். என் சொல்லை நம்பி அதை விட்டுவிட்டார்கள். ஆவணியில் கேட்டபோது கப்பல் தாமதம் என்றேன். பிறகு அவர்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. காத்திருக்க முடியாமல் அப்படியே விதைத்தார்கள். நாலு நாள் மழை, அதன் பின் கடும் வெயில். பரிசோதனைத் துண்டில் அளவெடுக்கப் போயே ஆகவேண்டிய நாள் வந்தது. அக்கா காணிக்குள் குந்தியிருந்து, குசினிக் கத்தியின் முனையால் பொருக்கை உடைத்துக்கொண்டிருந்தார். அடியில் முளைகள் மஞ்சளாக, கழுத்து வளைந்து கிடந்தன.

"அக்கா, தூள் வராது. வராதெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி. நாங்கள் குழை தாட்டிருப்பமே."

நானும் குந்தியிருந்து விரலால் பொருக்கை உடைத்தேன். அவர் பக்கத்து வரியை உடைத்துக்கொண்டே போனார். உச்சி வெயில் வரை உடைத்தும் இரண்டு வரி தாண்டவில்லை. அந்த மாரியில் மேட்டுக்காணி பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. வயல் நெல்லை வைத்துச் சமாளித்தார்கள்.

பரிசோதனை வெற்றி என்று அதிகாரி அறிக்கை எழுதினார். அளவுகளெல்லாம் நான் எடுத்துக் கொடுத்தவை, சரியானவை. மிச்சக் காணியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, நானும் அதைக் கேட்கவில்லை.

தை பிறந்த பிறகு அக்கா வீட்டுக் கிணற்றடியில் மண் எடுத்துக்கொண்டு நின்றேன். புதிதாகக் குடியேறிய ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று, விதை நெல் எப்போது வரும் என்று என்னைக் கேட்டார். அடுத்த கிழமை என்றேன். அது உண்மைதான். அக்கா வாளியை இறக்கிக்கொண்டே, கோபம் ஏதும் இல்லாத குரலில் அவருக்குச் சொன்னார்:

"கந்தோருக்கும் ஒருக்காப் போய்க் கேளுங்கோ."