தொட்டிக்கு அடியில் இருந்த மூன்று செங்கல்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓசூரில் இரண்டு லேத் ஓடும் பட்டறை, தளி ரோட்டில் எட்டு லைன் வீடு, பாறைதான் வரும் என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் தண்ணீர் எடுத்த போர் என எல்லாம் நானே நின்று செய்தவை. பிளான் போட்டுக் கொடுக்க ஓர் இன்ஜினியர் கிடையாது. ஆனால் உறவுக்காரர் நாலு பேர் கூடினால் என் அக்கா இதில் ஒன்றையும் சொல்லமாட்டாள். ஒன்பது வயதில் நான் கட்டிய நாய்க்குட்டி வீட்டைத்தான் சொல்வாள். போன வாரம் சம்பந்தி வீட்டார் முன்னாலும் சொன்னாள். சொல்வதை முழுசாகவாவது சொல்லக் கூடாதா?

அப்போது ஓசூருக்குக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை. வேலை மாறினால் வீடும் மாறும். அந்த வருஷம் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். ஓனரம்மா கன்னடக்காரர். குடியிருப்பவர்கள் தரையில் எதையும் ஊன்றக் கூடாது, தொட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் சட்டம். வீட்டுக்கு வீடு தூக்கி வந்த கறிவேப்பிலைத் தொட்டியை அம்மா மூன்று செங்கல்மேல் ஏற்றி வைத்தாள்.

“தொட்டி தரையில குந்துனா ஓட்டை வழியா வேரு எறங்கிடும்டா. அப்புறம் நாம கௌம்பறப்ப அது நம்மகூட வராது.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் அடியில் கைவிட்டுப் பார்க்கும் வேலை எனக்கு.

தெரு நாய்க்குட்டி ஒன்று மழையில் நடுங்கியது. அதற்கு வீடு கட்டினேன். மூன்று செங்கல் குறைந்தது. தொட்டிக்கு அடியில் இருந்ததை உருவினேன். அப்படியே விட்டுவிடவில்லை, மண்ணைக் குழைத்து அதே உயரத்துக்கு மேடு போட்டு, அதன்மேல் தொட்டியை உட்காரவைத்தேன். ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. ஒன்பது வயதில் அப்படி மட்டம் பார்த்தவன் நான்.

செடி கன்னாபின்னாவென்று தழைத்தது. காம்பவுண்டில் எல்லார் வீட்டு ரசத்துக்கும் அதுதான்.

“அடியில பாத்தியாடா?”

“பாத்தேம்மா.”

காலி செய்யும் நாள் டெம்போ வந்து நின்றது. அப்பா தொட்டியைத் தூக்கினார். அசையவில்லை. டிரைவரும் சேர்ந்து இழுத்தார். ஓனரம்மா ஓடி வந்தார்.

“பேடம்மா, பேடா! வேணாம், புடுங்காதே. என் மண்ணுல காலை ஊனிடுச்சு, இனி அது என்னுது.”

“நான் கொண்டாந்த செடிம்மா” என்றாள் அம்மா.

“செங்கல்லு எங்க போச்சு?” என்று அப்பா கத்த, “நாய்க்குட்டியைக் கேளுங்கப்பா” என்று அக்கா கை காட்டினாள். அன்று ஆரம்பித்த வாய்.

அம்மா அடித்திருந்தால்கூடத் தேவலை. நேராகப் போய் டெம்போவில் உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணா, ஷிப்டு வுட்டா கம்பெனி பஸ்ஸுங்க ரோட்டை அடைச்சிக்கும். செடியோட மல்லுக்கட்டுனது போதும், ஏறுங்க” என்றார் டிரைவர்.

நான்தான் மூட்டையைப் பிரித்து அரிவாளை எடுத்தேன். குப்புறப் படுத்து மேட்டைக் கலைத்து, கட்டைவிரல் தடிமன் வேரை அறுத்தேன். தொட்டி வந்தது. புது வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி இலை கொட்டிவிட்டது. அந்த வாரத்தில் வெறும் குச்சி. அதில் துளிர் வரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் நாய்க்குட்டியைப் பார்க்கப் பழைய காம்பவுண்டுக்குப் போனேன். நான் அறுத்த இடத்தில், மண்ணில் கிடந்த வேரிலிருந்து ஒரு கன்று முளைத்து நின்றது. ஒன்றும் ஊன்றக் கூடாது என்ற ஓனரம்மா, அதைச் சுற்றி என் மூன்று செங்கல்லையும் நட்டுக் காவல் வைத்திருந்தார்! ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“அதுக்காவது ஒரே எடத்துல இருக்கக் குடுத்து வெச்சிருக்குதே” என்றவள், போய்த் தொட்டிக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தாள். என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு என் லைன் வீடுகளில் குடிவருபவர்களிடம், தரையிலேயே நடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறேன். ஒருத்தராவது கேட்க வேண்டுமே! எட்டு வீட்டு வாசலிலும் தொட்டி செங்கல்மேல்தான் நிற்கிறது.

ஒரு செடி இருந்தது, இரண்டானது. செய்தது யார்? அக்கா இனிமேல் எங்கே இந்தக் கதையைச் சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாய்க்குட்டி நனையவில்லை என்பதையும்.