பீடி காப்பாற்றிய பேச்சு

அறுபதுகளில் பம்பாய் கோட்டைப் பகுதியில் ஒரு குஜராத்தி வக்கீலிடம் நான் குமாஸ்தா. தமிழ்க் கட்சிக்காரர் வந்தால், அவர் பேசுவதை வக்கீலுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதும் என் வேலைதான்.

தாராவியில் தோல் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அப்படி வந்தார். பக்கத்துக் கடைக்காரர் பச்சைத் தோலை நனைத்து எடை கூட்டுகிறார் என்று இவர் ஊரறியச் சொல்லிவிட்டாராம். அந்தக் கடைக்காரர் இவர் மேல் அவதூறு வழக்குப் போட்டுவிட்டார். நம்மவர்கள் வக்கீலிடம் தனியாகப் போவார்களா? துணைக்கு மைத்துனரையும் கூட்டிவந்திருந்தார். அந்த மைத்துனர் எதிராளிக்கும் பங்காளி. தாராவியில் யார்தான் யாருக்கு உறவில்லை!

எங்கள் கடைக்காரர் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். அது வெளியே வந்தால் அவர் கதை கந்தல்.

வழக்கு நடக்கும்போது மைத்துனர் கட்சி மாறினார். வக்கீல் அறையில் தானும் கூடவே இருந்ததாக அங்கே அளந்தும் விட்டார். எதிர்த்தரப்பு என்னையே சாட்சிக்கு அழைத்தது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னால் நம்பி வந்த மனுஷன் தெருவில் நிற்பார்.

கோர்ட்டு வராந்தாவில் அவர் என் அருகே வந்தார். “பொய் சொல்லுங்கன்னு கேக்க மாட்டேன்யா. கடவுள் விட்ட வழி,” என்றார்.

நான் கூண்டில் ஏறியதும் எங்கள் வக்கீல் எழுந்தார். கட்சிக்காரர் தன்னிடம் பேசியதைத் தானும் சொல்லக் கூடாது, மொழிபெயர்த்தவனும் சொல்லக் கூடாது, சட்டம் அப்படி என்றார். எதிர் வக்கீல் விடவில்லை. மூன்றாம் மனிதர் காதில் விழுந்த பிறகு அது என்ன ரகசியம் என்றார். பேசும்போது மைத்துனர் அறையில் இருந்தாரா என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

பயத்தில் மறந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மைத்துனர் உட்கார்ந்ததுமே பீடி பற்றவைத்தார். எனக்கு அந்த நாற்றமே ஆகாது. பேச்சு தொடங்குமுன்பே, “வெளியே போய்ப் பிடியுங்கோ!” என்று எரிந்து விழுந்து கதவைச் சாத்தினேன். அதைச் சொன்னேன். மைத்துனரைக் கேட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். அப்படியானால் ரகசியம் ரகசியம்தான், நான் இறங்கலாம் என்றார் மாஜிஸ்திரேட்.

அப்பாடா! என் முன்கோபத்துக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் போலிருந்தது. கொஞ்ச நாளில் இரு கடைக்காரர்களும் ராஜியாகிவிட்டார்கள்.

கூண்டேறி இறங்கிய அன்று மாட்டுங்காவில் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள், “அப்படி என்னதான்னா சொன்னார் அவர்?”

“கோர்ட்டே கேக்கலை, நீ கேக்கறே!” என்றேன். அவள் கோபத்தில் அன்று எனக்கு வெறும் ரசம்தான் கிடைத்தது.

எங்கள் கடைக்காரர் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் கதவைச் சாத்திய பிறகு சொன்னது அது. உங்களிடமும் சொல்வதற்கில்லை.