லிங்க்கை மூடிய செக்ரட்டரி சார்

எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி சார் போய்விட்டார். ஹார்ட் அட்டாக்.

காலையில் குரூப்பில் செய்தி வந்தது. அதன் கீழேயே, அடக்க ஆராதனையை லைவில் பார்க்க ஒரு லிங்க்.

செய்தியைப் பார்த்து அழுதேன். லிங்க்கைப் பார்த்து பயந்தேன்.

ஏன் என்று, இந்தப் பதிவு தெரியும் சின்ன ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். நானும் பாப்பாவும் இருக்கும் இடம் அவள் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. போன தடவை தெரிந்தபோது என் கை உடைந்தது.

அதனால்தான் சார் பெயரை எழுதவில்லை, போட்டோவும் இல்லை. தாம்பரம் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஷேர் செய்யாதீர்கள்.

வம்பை ஆரம்பித்து வைத்ததே சார்தான்... எல்லா வீட்டு வாடகை அக்ரிமெண்ட், ஆதார், போன் நம்பரையும் ஸ்கேன் செய்து ஆன்லைனில் ஒரே ஃபோல்டரில் போட்டு, லிங்க்கை குரூப்பில் விட்டார். யார் தட்டினாலும் திறக்கும். எல்லோரும் கைதட்டும் எமோஜி போட்டார்கள்.

நான் செருப்புகூடப் போடாமல் அவர் வீட்டுக்கு ஓடினேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்வதற்குள் போனை எடுத்து, இடது கையாலேயே என் பேப்பர்களை அழித்தார்.

"மன்னிச்சிரும்மா. எனக்கு இது தோணவே இல்ல."

அப்புறம் ஃபோல்டரையே பூட்டினார். திறக்க வேண்டுமென்றால் அவரிடம் பெர்மிஷன் கேட்க வேண்டும். ஃபோல்டர் பெயரிலிருந்து அபார்ட்மெண்ட் பெயரையும் எடுத்துவிட்டார்.

மீட்டிங்கில் பெரிய சண்டை. அவசரத்துக்கு நம்பர் வேண்டாமா, தப்பு செய்யாதவர்களுக்கு என்ன பயம், நமக்குள் என்ன ரகசியம்... கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் சேரில் நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாரோட பேப்பரோ, அவங்களக் கேட்டுட்டுத்தான் காட்டுவேன். புடிக்கலன்னா வேற ஆளப் போட்டுக்கோங்க."

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம் ஆபீசுக்கு போன் செய்தார். தெரியாத மெயிலிலிருந்து பெர்மிஷன் கேட்டு ரிக்வெஸ்ட் வந்திருக்கிறதாம். பெயரைப் படித்தார்.

என் நாத்தனார்.

எந்த குரூப்பிலிருந்து எந்த குரூப்புக்கு அந்த லிங்க் போனதோ, இன்றுவரை தெரியாது. சார் மறுத்துவிட்டதாகச் சொன்னார். அன்று பாப்பாவை ஸ்கூலிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டி வந்தது அவர்தான். நான் வரும்வரை அவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் கேரம் ஆடியிருக்கிறார்கள்.

இன்று சாயங்காலம் சர்ச்சுக்குப் போனேன். வாசலுக்கு நேராக ஸ்டாண்டில் கேமரா. உள்ளே போகும் ஒவ்வொரு முகத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்களோ...

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, பைக்குகள் நிற்கும் இடத்திலேயே நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் மனசில்லை.

சாரின் மகள் என்னைப் பார்த்துவிட்டாள். நேராக என்னிடம் வரவில்லை. கேமராக்காரரிடம் போய் ஏதோ சொன்னாள், அதன் பிறகு வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன். வந்து அப்பாவப் பாருங்கக்கா."

குரூப்பில் அப்போது வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், லைவ் ஏன் கட் ஆகிவிட்டது என்று.

நான் சார் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய் வாங்க சார்.