மாலைப் பசியும் ஒரு கல்யாணப் பங்கும்

மாலைப் பசிக்கு அறிவே கிடையாது என்று நான் சொன்னால் கான்ஷயிம் ஒத்துக்கொள்ள மாட்டாள். "அதெல்லாம் நல்லா இருக்குக்கா. பகல் பூரா பேசாம இருந்துட்டு, நான் அசர்ற நேரம் பாத்துத்தானே வருது" என்பாள்.

அக்தோபேயிலிருந்து அல்மாட்டி போகும் ரயிலில் எட்டாம் பெட்டிக்கு நாங்கள் இருவரும் பொறுப்பு. சீட்டுப் பார்ப்பது, படுக்கை விரிப்பு கொடுப்பது, பாய்லரில் வெந்நீர் ஆறாமல் பார்த்துக்கொள்வது, எல்லாமே எங்கள் தலையில்தான். பகலில் அவள், இருட்டிய பிறகு நான். பல வருடப் பழக்கம். கணவன் போன பிறகு அவளுக்கு அல்மாட்டியில் நான்காவது மாடியில் ஒரு வீடு இருக்கிறது என்பது பேருக்குத்தான். அங்கே போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பாள். பெட்டி குலுங்க ஆரம்பித்தால்தான் அவளுக்குக் கண் மூடும்.

அந்தப் பெட்டிக்கே வசந்த காலத்தில் ஆபத்து வந்தது. ரயில்வே மருத்துவக் குழு அவளை எடை இயந்திரத்தில் ஏற்றி, ரத்தக்கொதிப்பையும் பார்த்து, ஜூலைக்குள் பத்து கிலோ குறைய வேண்டும் என்று சொல்லிவிட்டது. குறையாவிட்டால் ரயிலில் ஏற முடியாது. விரிப்பு அடுக்கும் கிடங்கில் வேலை. "கிடங்கு எங்கயும் போகாதேக்கா" என்றாள் அன்று.

ரொட்டியைக் குறைத்தாள், தேநீரில் சர்க்கரையை விட்டாள், கறியில் கொழுப்பை ஒதுக்கினாள். ஒன்பது கிலோ போய்விட்டது. கடைசிக் கிலோ மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எடை பார்க்க மூன்று நாள் இருக்கும்போது, பகலில் எதையுமே தொடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

"பகல்ல பட்டினி கெடந்தீன்னா சாயங்காலம் ரயிலையே கடிச்சுத் தின்னுடுவே" என்று நான் கத்தினேன்.

"ரயில்ல கொழுப்பு இல்லக்கா" என்று சிரித்தாள்.

எங்கள் ரயிலில் மாலை நேரம் பொல்லாதது. கதவுகளெல்லாம் திறந்துகொள்ளும். ஒவ்வோர் அறையிலும் துணியை விரித்து, வேகவைத்த கோழி, முட்டை, புகையில் வாட்டிய மீன், முலாம்பழம் என்று பரப்புவார்கள். யார் கடந்து போனாலும் விட மாட்டார்கள். "தங்கச்சி, உள்ள வா, ஒரு வாய்!" விரித்த துணியின்மேல் இருக்கிற ரொட்டியைத் தொடாமல் போவது அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. கான்ஷயிம் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு நகர்வாள். அடுத்த அறையிலும் அதே கதைதான். பெட்டியின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் தூங்குகிற நாக்கை ஒன்பது முறை எழுப்பிவிட்டிருப்பார்கள், புண்ணியவான்கள்.

அதற்குப் பிறகு அவள் கடைசி ஜன்னலில் நிற்பாள். வெளியே உப்புப் பூத்த வெட்டவெளி சிவப்பாகிக்கொண்டே வரும். எங்கிருந்தோ வந்த ஒட்டகங்கள் எங்கேயும் போகாமல் நிற்கும். சில நாள் தூரத்தில் தண்ணீர் பளபளக்கும். அங்கே தண்ணீர் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். பசியோடு பார்த்தால் அந்த வெளி இன்னும் அழகாக இருக்கிறது என்று அவள் ஒருமுறை சொன்னாள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. நான் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன்.

பட்டினி தொடங்கிய அந்தப் பயணத்தில் அக்தோபேயில் காலையில் ஏறியவர் செயித்காலி. வயசாளி, ஒல்லி, கோட்டு மட்டும் புதிது. வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு மூட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வெயில்ல கெட்டுரும் தங்கச்சி, உங்க ஃப்ரிட்ஜ்ல வச்சுக்குறீங்களா? எம் பொண்ணு அசெமோட கல்யாணப் பங்கு, சம்பந்தி வீட்டுல குடுத்தது. அவங்கம்மாவுக்குக் கொண்டுபோறேன். படியில வழுக்கிக் கால ஒடச்சுக்கிட்டா பாவம், கல்யாணத்துக்கே வர முடியல."

சர்க்கித் என்போம் அந்தப் பங்கை. விருந்துக்கு வர முடியாதவருக்கென்று முடிந்து அனுப்புவது. அதில் இன்னொருவர் கை வைப்பது இல்லை. கான்ஷயிம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்கள் அறையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜில் வைத்தாள். செயித்காலியின் மனைவி ரைஹான் கஸாலி ஊருக்கு முந்திய ஒரு சின்ன நிலையத்தில் காத்திருப்பாளாம். ரயில் அங்கே பொழுது சாயும்போது போய்ச் சேரும்.

அன்று மாலை நான் மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தேன். தேநீர்க் குவளைகளின் சத்தம் கேட்கவில்லை என்பதே என்னை எழுப்பியது. கீழே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வந்த சிவப்பு வெளிச்சத்தில் கான்ஷயிம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ரிட்ஜ் திறந்து கிடந்தது. மடியில் வெள்ளைத் துணி. அதில் ஒன்றுமே இல்லை. முகத்தில் அவ்வளவு அமைதி. கனவிலிருந்து இன்னும் இறங்காத குழந்தையின் முகம்.

"அடிப்பாவி" என்றேன்.

அப்போதுதான் அவள் துணியைக் குனிந்து பார்த்தாள். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.

"பாதி தூக்கத்துல பண்ணினியா? ஒண்ணும் ஞாபகம் இல்லையா?"

"ஒவ்வொரு வாயும் ஞாபகம் இருக்குக்கா" என்றாள். "அதான் பயமா இருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் ஒரு புகார் எழுதினால் போதும், எடை இயந்திரத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடும். "ரயில் கேன்டீன்ல குதிரைக்கறி கஸி இருக்கு. நாலு துண்டு, கொஞ்சம் இனிப்பு வாங்கி முடிஞ்சு குடுத்துடலாம். யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"கடைக்கறிய அந்தம்மாவுக்குக் கல்யாணப் பங்குன்னு ஊட்டச் சொல்றியா?"

என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள். செயித்காலியிடம் சொன்னாளாம். அவர் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டாராம். பிறகு, "ரைஹான்கிட்ட நீயே சொல்லிரு. எனக்கு வாய் வராது" என்றாராம்.

அந்த நிலையத்தில் எதிர்வண்டிக்காக எங்கள் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். நானும் இறங்கினேன். அடிதடி ஆனால் பிரித்துவிடலாமே என்று. நடைமேடையில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் நல்ல துணி கட்டியிருந்தாள். கல்யாணத்துக்கென்று எடுத்தது போலும்.

கான்ஷயிம் மடித்த வெள்ளைத் துணியை அவள் மடியில் வைத்தாள்.

"எங்க?" என்றாள் ரைஹான்.

"நான் தின்னுட்டேன்க்கா."

"பூராவுமா?"

"பூராவும். வேலை போயிரக் கூடாதுன்னு ஒடம்பக் கொறைக்கறேன். பகல் முழுக்கப் பட்டினி கெடந்தேன். சாயங்காலம் கை எங்கிட்ட இல்ல."

ரைஹான் துணியைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்தாள். "எம் பொண்ணு கல்யாணத்துல எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்" என்றாள். கண்ணீர் கொட்டியது. நான் செத்துப்போகலாமா என்று நினைத்தேன், தின்றவள் நான் இல்லை என்றாலும்.

ரைஹான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மனுஷன்கிட்ட கேட்டா நல்லா இருந்துச்சும்பாரு. எதக் கேட்டாலும் அதே பதில்தான். தின்னவ நீ. நீ சொல்லு. கஸியில கொழுப்பு இருந்துச்சா, வெறும் சதையா?"

அவள் கேட்டது கறியைப் பற்றி மட்டும் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முடிந்து கொடுத்த மூட்டையில் சம்பந்தியின் மனசு தெரியும். மகள் போய் விழுந்த வீடு எப்படிப்பட்டது என்று அந்தத் தாய் கேட்டாள்.

கான்ஷயிம் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "கட்டைவிரல் தடிமனுக்குக் கொழுப்புக்கா. தலைக்கறி வச்சு மரியாதை பண்ற விருந்தாளிக்கு வெட்டுற துண்டு. மெல்லிசா அரிஞ்சிருந்தாங்க, கிழிஞ்சு போகாம. பௌர்சாக் ராத்திரி பொரிச்சது இல்ல, காலையில பொரிச்சது. உள்ள மாவு இன்னும் மெத்துமெத்துன்னு இருந்துச்சு. தினை இனிப்ப மட்டும் தனித் துணியில சுத்தி, மேல இன்னொரு துணி. கறி வாசம் ஏறக் கூடாதுன்னு."

"யாரு சுத்தினா?" என்றாள் ரைஹான் மெதுவாக.

"தெரியல. அவசரப்படாத கை. அடியில குர்த் இருந்துச்சு, காஞ்ச தயிரச் சின்னச் சின்ன உருண்டையா உருட்டி. அதுதான் அதிசயம். குர்த்துன்னா உப்புக் கரிக்கும், இதுல உப்பே இல்ல. எங்கயும் அப்படித் தின்னதில்ல. மொதல்ல மறந்துட்டாங்களோன்னு நெனச்சேன். ஒவ்வொண்ணும் அப்படித்தான்."

ரைஹான் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு உப்பு ஆகாதுன்னு நீங்க சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? எனக்கு அங்க கோட்டு பொத்தான் போடவே நேரம் சரியா இருந்துச்சு."

"அப்ப அசெம் சொல்லியிருக்கா" என்றாள் ரைஹான். "புகுந்த வீட்டுக்குப் போன மூணாம் நாளே அம்மாவப் பத்திப் பேசியிருக்கா. சம்பந்தியம்மா உக்காந்து கேட்டுருக்கா. கேட்டுட்டு எனக்குன்னு தனியா உருட்டியிருக்கா." சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. "நானே தின்னிருந்தாக்கூட அழுதுகிட்டே முழுங்கியிருப்பேன். இதெல்லாம் கவனிச்சிருக்கவே மாட்டேன்."

எதிர்வண்டி கடந்து போனது. ஊதல் கேட்டது. ரைஹான் கான்ஷயிமின் தோளை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "பகல்லயே தின்னு தொலை, பைத்தியக்காரி!"

இரண்டாம் நாள் எடை இயந்திரம் குறைவதற்குப் பதில் அரைக் கிலோ கூடக் காட்டியது. கஸி சும்மா விடுமா? அவள் மருத்துவக் குழுவின் டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, ஆகஸ்டு கடைசிவரை தவணை கொடுத்தாள்.

அதன்பிறகு கான்ஷயிம் காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் கறி போட்ட சூப், வெயில் தாழும்போது தயிரும் ஓர் ஆப்பிளும் என்று மனுஷியைப் போலச் சாப்பிட்டாள். மாலையில் அறைகளுக்குள் கூப்பிட்டால் போவாள். ரொட்டியைத் தொடுவாள். சர்க்கரை இல்லாத தேநீரை வைத்துக்கொண்டு, "இத யாரு சமைச்சா, எப்படிச் சமைச்சா, சொல்லுங்க" என்பாள். அவர்களும் சொல்லுவார்கள், கொட்டக் கொட்ட. பசி வராமல் இல்லை. வரும், கொஞ்ச நேரம் படுத்தும், அவர்கள் பேசி முடிப்பதற்குள் போய்விடும்.

ஆகஸ்டு கடைசியில் அந்தப் பிடிவாதக் கிலோவும் போயிருந்தது, ரயிலில் ஏறலாம் என்று காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அன்றே எங்கள் ரயில் கிளம்பியது. வெளிச்சம் சிவக்கத் தொடங்கியபோது நான் என் வேலையை ஏற்றுக்கொள்ளப் போனேன். கதவுகள் எல்லாம் திறந்துவிட்டன, கோழி மணக்கிறது, யாரோ "தங்கச்சி எங்க, கூப்பிடுங்க" என்கிறார்கள். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கீழ்ப் படுக்கையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், பெட்டி ஆடுகிற ஆட்டத்துக்குத் தலை ஆட. நான் கதவை மெதுவாகச் சாத்தினேன்.