நங்கூரமாய்ப் போன அடிக்கல்

முன்னாள் ஜனாதிபதி எங்கள் ஊர் மீன்பிடிச் சம்மாட்டியின் மகள் கலியாணத்துக்கு வருகிறார் என்றதும், அவருடைய வாழ்க்கையையும் சாதனைகளையும் பற்றிச் சிங்களத்தில் பேச என்னைப் பிடித்துவிட்டார்கள். ஊரில் சிங்களம் பேசுகிறவர்கள் நிறையப் பேர். வெட்கம் கெட்டவன் நான் ஒருவன்தான்.

பேச்சின் முடிவில், எங்கள் களப்புக் கரையில் மீன்பிடிப் போட்டுகள் அணைய ஓர் இறங்குதுறை கேட்க வேண்டும். அதற்காகத்தான் பேச்சே. இடுப்பளவு தண்ணீரில் மீன் பெட்டிகளைத் தலையில் சுமந்து சுமந்து என் மச்சானின் முதுகு வளைந்துவிட்டது. ஆட்சியில் இருந்தபோது இந்த மனிதர் வந்து துறைக்கு அடிக்கல் நாட்டினார். அதோடு சரி. நல்ல பாரமான கல் வீணாகக் கிடக்கிறதே என்று நம்மாட்கள் அதைக் கிளப்பி, கயிறு கட்டி, மச்சானின் போட்டுக்கு நங்கூரமாக்கிவிட்டார்கள்.

சாதனைகளை யோசித்தேன். பாலம் கட்டினார், வேறெங்கோ. பாதை போட்டார், அதுவும் வேறெங்கோ. எங்களுக்கென்று செய்தது அந்தக் கல்தான். அது களப்புக்கு அடியில் கிடந்தது.

"மச்சான், கல்லு எங்கயெண்டு அவர் கேட்டா என்ன செல்லுவீங்க?" என் மச்சான் என்னைக் கேட்டான்.

"கேக்க மாட்டார்."

"கேட்டா?"

அந்தக் 'கேட்டா' என்னோடே கலியாண வீட்டுக்கும் வந்தது. பிரியாணி வாசத்துக்குப் பசிக்காதது வாழ்க்கையில் அன்றுதான்.

மேடையேறினேன். சின்ன வயதில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனார் என்றேன். போனாரோ இல்லையோ, யார் கண்டார்? தலைவர்கள் எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள். துறையைப் பற்றி வாய் திறக்கப் போனேன். அதற்குள் அவரே முன்வரிசைக் கதிரையிலிருந்து சிரித்தபடி கேட்டார்:

"நான் அடிக்கல் வைத்த இறங்குதுறை எப்படி இருக்கிறது?"

என் கண்ணுக்குள் அந்தக் கல்லும் கயிறும் வந்து நின்றன.

"மிச்சம் நல்லா இருக்கு, சேர்!"

அவர் பூரித்துப்போனார். பக்கத்திலிருந்த அரசியல்வாதியின் தொடையில் தட்டி, "பார்த்தீர்களா, சொன்னதைச் செய்திருக்கிறோம்" என்றார். சபை கைதட்டியது. கட்டி முடித்த துறையை இனி யாரிடம் போய்க் கேட்பது? அவர் மேல் எனக்கு எரிச்சல். என் நாக்கின் மேல் அதைவிட எரிச்சல்.

அஸர் தொழுகைக்குப் பிறகு கரைக்குப் போனேன், கலியாண உடுப்போடே. மச்சான் பாசி படிந்த கல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒரு மீன் பெட்டியைத் தூக்கி என்னிடம் நீட்டினான்.

"எறங்குங்க மச்சான். ஒங்கட துறை மிச்சம் நல்லா ஈக்கிதாமே."

சப்பாத்தைக் கழற்றினேன்.