ஞாயிற்றுக்கிழமைப் பட்டதாரி

நான் கல்லூரிப் படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம் எங்கள் மேலாளர் சொன்ன ஒரு பொய்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் அவ்வப்போது வருவார்கள். அன்று வந்தவர்கள் தையல் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் பொறுப்பாக இருக்கும் செக்கிங் பகுதிக்கு வந்தார்கள். தைத்து முடித்த பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது எங்கள் வேலை. வந்தவர்களில் ஒரு பெண்மணி என்னைக் காட்டி ஏதோ கேட்டார். மேலாளர் சற்றும் யோசிக்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். முழுவதும் எனக்குப் புரியவில்லை. 'கிராஜுவேட்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். வேறென்ன செய்வது?

அவர்கள் போன பிறகு மேலாளரிடம் கேட்டேன்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? நான் பன்னெண்டாவதுதானே?"

"அட, உடுங்கக்கா. ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. உங்க வேலையப் பாத்தா டிகிரி முடிச்சவங்களாட்டத்தானுங்க இருக்குது."

பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனவள் மாதிரி அன்று முழுக்க எனக்கு ஒரு கூச்சம். யாராவது கழுத்தைப் பார்த்தால் கை தானாக அங்கே போகுமே, அப்படி.

என் கணவர் வேறொரு கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான மறு வருடமே திருப்பூருக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட வண்டியில் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

"அப்போ படிச்சிரு. பாவம், பெரிய மனுசன் சொன்னது பொய்யாப் போயிரக் கூடாதுல்லா."

"இந்த வயசுலயா?"

"ஏன், வயசானவங்களுக்குன்னு புஸ்தகத்துல எழுத்த அழிச்சா வச்சிருக்கான்?"

விளையாட்டாகத்தான் பேசினோம். ஆனால் அந்த வாரமே எங்கள் மகள் கைப்பேசியில் தேடி, வேலைக்குப் போகிறவர்கள் தபால் வழியில் படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலேயே ஒரு கல்லூரியில் வகுப்பு. என்ன பாடம் எடுப்பது என்று தெரியவில்லை. 'சமூகவியல்' என்ற பெயரைப் பார்த்தேன். சமூகம்தானே, தெரியாததா என்று நினைத்துச் சேர்ந்துவிட்டேன்.

முதல் வகுப்புக்குப் போன அன்று வாசலிலேயே தயங்கி நின்றேன். உள்ளே பேருந்து நடத்துனர் ஒருவர், சாயப்பட்டறையில் வேலை செய்யும் சிலர், என்னைப் போல் பனியன் கம்பெனிப் பெண்கள் என்று பலதரப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். முன் பெஞ்சில் முக்காடு போட்ட ஒரு பெண், என்னைவிட நன்றாக மூத்தவர், பையை நகர்த்தி இடம் காட்டினார்.

"உள்ள வா கண்ணு. நானும் இப்படித்தான் ரொம்ப நேரம் வாசல்ல நின்னேன். யாரும் ஒண்ணுஞ் சொல்லல."

அவர் குடும்பம் பனியன் துணி வியாபாரம் செய்தது. கம்பெனிகளில் மிஞ்சும் துணிகளை வாங்கி விற்கும் கடை. பிள்ளைகளையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, கணவரோடு கடையில் உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று படிக்கத் தோன்றியிருக்கிறது. "கடைக்கு வர்றவங்க எல்லாம் என்னமோ பேசறாங்க, எனக்கும் நாலு வார்த்த பேசோணும்னு ஆச" என்றார். அன்று முதல் அவர் எனக்கு அக்கா. அந்த பெஞ்சு எங்கள் இடம்.

படிப்பு எளிதாக இல்லை. கண் முன்னால் எழுத்து ஓடும், மனது ஷிப்மெண்டில் நிற்கும். வேலை நெருக்கும் மாதங்களில் ஞாயிறும் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. அப்படிப் போகும் வாரங்களில் அக்கா தன் குறிப்புகளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவார். பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கும். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு படிப்பேன். என் பகுதிப் பெண்கள் கதை கேட்பது போலச் சுற்றி உட்காருவார்கள். "அக்கா, சத்தமாப் படியுங்க. எங்களுக்கும் தூக்கம் வருதானு பாக்கறோம்" என்று ஒருத்தி கேலி செய்வாள். கேலி செய்தவள்தான் தேர்வுக்கு முந்திய நாள்களில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள்.

எனக்கு அந்தப் படிப்பு எப்போது பிடித்துப்போனது என்று கேட்டால் ஒரு நாளைச் சொல்ல முடியும். இரண்டாம் ஆண்டில் இடப்பெயர்வு பற்றி ஒரு பாடம் இருந்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகிறவர்களைப் பற்றியது. 'அவர்கள் வறுமையின் காரணமாகவும் மழையின்மையின் காரணமாகவும் தொழில் நகரங்களை நோக்கி நகர்கின்றனர்' என்று புத்தகத்தில் இருந்தது. ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "இங்க வெளியூர்ல இருந்து வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். வகுப்பில் முக்கால்வாசிக் கை எழுந்தது. அதுவரை வாயே திறக்காத என்னை அவர் கைகாட்டினார்.

"நீங்க எதுக்காக வந்தீங்க? இந்தக் காரணத்துல எது?"

எழுந்து நின்றேன். எங்கள் ஊரில் வறுமை இருந்தது. மழையும் பெய்யாமல் இருந்தது. ஆனால் நான் பேருந்து ஏறியது அதற்காக இல்லை.

"இதுல இல்ல சார். எனக்கும் எங்க மாமியாருக்கும் ஒரே அடுப்புல ஒத்துவரல."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர், "மேல சொல்லுங்க" என்றார். சொன்னேன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தது, புகையிலை வாசம் தலைமுடியை விட்டுப் போகாதது, கல்யாணத்துக்குப் பிறகும் அதே பீடி இலை முறம் மடியில் வந்து உட்கார்ந்தது, நான் வைத்த குழம்பை மாமியார் மறுபடி கொதிக்க வைத்தது, ஒரு நாள் நானே கணவரிடம் 'திருப்பூருக்குப் போவோம்' என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் இருந்த நடத்துனர் தன் கதையைச் சொன்னார். சாயப்பட்டறைக்காரர் ஒருவர் காதலித்தவளோடு ஓடிவந்த கதையைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். புத்தகம் சொன்ன காரணத்துக்காக மட்டும் வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் புத்தகம் சொன்னதும் பொய்யில்லை. எல்லாக் கதையிலும் அது அடியில் கிடந்தது. மாமியார் அடுப்பு ஏன் ஒன்றே ஒன்றாக இருந்தது? இரண்டாவது அடுப்பு வைக்க வழியில்லாததால்தான். இத்தனை வருடமாக எனக்கும் அவருக்குமான சண்டை என்று மட்டுமே நான் நினைத்திருந்த ஒன்று, அன்று வேறு மாதிரித் தெரிந்தது. மாமியார்மீது இருந்த பழைய கோபம் பாதி குறைந்துவிட்டது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. "என்னட்டி, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

கடைசி ஆண்டுத் தேர்வுக்குச் சற்று முன்பு அக்காவின் இளைய மகள் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தாள். தேர்வும் பிரசவமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அக்கா மருத்துவமனையிலிருந்து கைப்பேசியில் என்னிடம் பேசினார்.

"நீ போய் எழுது கண்ணு. பரிச்ச மறுபடி வரும். இந்தப் புள்ள மறுபடி பொறக்குமா?"

அவர் இல்லாத தேர்வறையில் எனக்குக் கையொடிந்தது போல இருந்தது. எழுதிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன். பேத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, "கேள்வி எல்லாம் எப்படி?" என்றுதான் முதலில் கேட்டார்.

நான் தேறிவிட்டேன். பட்டமளிப்பு விழா சென்னையில். கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். மகளுக்குக் கல்லூரித் தேர்வு இருந்ததால் வர முடியவில்லை.

காலையில் பல்கலைக்கழக வாசலுக்கு அருகே எல்லோருக்கும் கருப்பு அங்கி கொடுத்தார்கள். மூட்டையிலிருந்து உருவி உருவிக் கொடுத்த அங்கிகள் கசங்கிச் சுருண்டிருந்தன. நான் வழக்கம்போலத் தையலைத்தான் முதலில் பார்த்தேன். தோள்பட்டையில் ஓரிடம் விட்டிருந்தது. அங்கிமேல் தோளில் போடும் வண்ணப் பட்டையில் மறைந்துவிடும் என்று சமாதானம் ஆனேன். என் கணவரால் சமாதானம் ஆக முடியவில்லை. கசங்கிய துணியைப் பார்த்தால் அவருக்குப் பசி எடுத்த மாதிரி ஆகிவிடும்.

"இதப் போட்டுக்கிட்டா உள்ள போகப் போற?"

"எல்லாரும் அப்படித்தான போடுதாவ?"

"எல்லாருக்கும் நானா வீட்டுக்காரன்?"

அங்கியைப் பிடுங்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். எதிர்ப்பக்கம் மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. வண்டிக்காரர் அங்கியை வாங்கக் கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை.

"அண்ணே, பொட்டிய மட்டும் கொஞ்சம் குடுங்க. இது எங்க வீட்டுக்காரி பட்டம் வாங்கப் போற துணி. நானே தேய்க்கணும்."

வண்டிக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "கரிப் பொட்டி சார். சூடு தெரியாம வச்சா துணி பொசுங்கிடும்."

"தெரியும்ணே. எனக்கும் இதே பொழப்புதான்."

வண்டிக்காரர் பெட்டியை நீட்டினார். ஒதுங்கி இடம் விட்டார். கணவர் தன் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து அங்கிமேல் விரித்து, அதன்மேல் பெட்டியைப் பட்டும் படாமல் ஓட்டினார். திருப்பூரில் ஆவிப் பெட்டியில் பனியனைத் தேய்க்கும்போது எப்படி நிற்பாரோ அப்படியே, இடது காலைச் சற்று முன்வைத்து நின்றார். சுருக்கம் போய் அங்கி தொங்கியபோது எனக்கே அது வேறு துணி போல இருந்தது.

நாங்கள் திரும்புவதற்குள் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். "அண்ணா, இதையும்..." அவளுக்குப் பின்னால் ஒரு காவலர், அவருக்குப் பின்னால் கைத்தடியோடு ஒரு பெரியவர். எல்லோர் கையிலும் கசங்கிய அங்கி. கணவர் என்னைப் பார்த்தார். நான் நேரத்தைப் பார்த்தேன். வண்டிக்காரர் இன்னொரு பெட்டியை எடுத்து ஊதினார். இருவரும் எதிரெதிராக நின்று தேய்த்தார்கள். வரிசை தீர்ந்தபோது உள்ளே மணியடித்தது. பட்டதாரிகள் எல்லோரும் சாலையைக் கடந்து ஓடினோம். பெரியவரை நானும் அந்தக் காவலரும் ஆளுக்கு ஒரு கை பிடித்து அழைத்துப் போனோம்.

மேடையில் ஏறியவர்கள் பதக்கம் பெற்றவர்களும் முனைவர்களும்தான். எங்களை இருந்த இடத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லி உறுதிமொழி வாசித்தார்கள். பட்டம் வழங்கப்பட்டது என்றார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூட்டத்தோடு எழுந்து நின்றபோது கை தானாக அங்கியின் மடிப்பை நீவியது. பெரியவர் எனக்கு முன் வரிசையில் விறைப்பாக நின்றிருந்தார். அழுதேன் என்று சொல்ல முடியாது. அழவில்லை என்றும் சொல்ல முடியாது.

குடும்பத்தினர் வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் கணவரிடம், "நான் தெரிஞ்சேனா?" என்று கேட்டேன்.

"தெரியாம? மத்தவங்கெல்லாம் கசங்கிக் கெடந்தாவ. நீயும் ஒன் கூட்டமுந்தான் தனியாத் தெரிஞ்சிய."

கம்பெனியில் இனிப்புக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு எடுத்துக்கொண்டு, "இனி நீங்க வேற எங்கியாச்சும் போயிருவீங்களாக்கா?" என்று கவலையாகக் கேட்டார். போகவில்லை. அதே மேசை, அதே விளக்கு. இதனால் என்ன கிடைத்தது என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எங்கள் பகுதியில் அண்மையில் ஒடிசாவிலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். முன்பானால் வேலையைச் சொல்லிக் கொடுத்ததோடு நிறுத்தியிருப்பேன். இப்போது, எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டேன். இந்தியும் தமிழும் கலந்து நெடுநேரம் சொன்னாள். அதில் ஒரு அக்காவும் ஒரு சண்டையும் ஒரு சைக்கிளும் இருந்தன. மீதி புரியவில்லை. இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.

பட்டம் வாங்கிய பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு கஷ்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. துவைத்துச் சமைத்து முடித்தபின் கை சும்மா இருந்தது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் பத்து நிமிடம் தாங்கவில்லை. ஒரு ஞாயிறு, கிளம்பி அக்கா கடைக்குப் போனேன். அவருக்குக் கடைசி ஆண்டுப் பாடங்கள் அப்படியே பாக்கி இருந்தன. துணிக் குவியலுக்கு நடுவே தொட்டிலில் பேத்தி. அவர் தொட்டிலை ஆட்ட, நான் பாடத்தைப் படித்தேன். வாடிக்கையாளர் வந்தால் நிறுத்துவோம். போனதும் தொடர்வோம். தேர்வுக்காகப் படித்தபோது கண்ணில் படாத வரிகள் எல்லாம் இப்போது நின்று பார்த்தன. பரீட்சை பயம் இல்லாமல் படிப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியே மாதங்கள் ஓடின. அக்கா தேர்வெழுதினார். போன வாரம் முடிவு வந்தது. கடைக்கு ஓடினேன். ஆய்வு முறைகள் பற்றிய ஒரு பாடத்தைத் தவிர எல்லாவற்றிலும் தேறியிருந்தார். அந்த ஒன்று போய்விட்டது. நான் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் பேத்தியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழமையும் வந்துருவயல்ல கண்ணு?"

"வராம எங்க போறேன்?" என்றேன்.

வருத்தப்பட வேண்டிய செய்திதான். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.